களைந்த துணி யாருடையது?

நைந்த ஆடைகளைக் களைந்துவிட்டு மனிதன் புதியவற்றை உடுத்திக்கொள்வதுபோல, உடலில் உறையும் ஆன்மாவும் பழைய உடல்களை நீத்துப் புதிய உடல்களுக்குள் புகுகிறது என்பது பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தின் 22ஆம் சுலோகம் தரும் உவமை. உவமையின் நோக்கம் ஆன்மாவின் அழியாமையை உணர்த்துவதாகையால், படிப்பவரின் கவனம் உடுத்துபவனோடு நடந்து சென்றுவிடுகிறது; களைந்து போட்ட துணி என்ன ஆயிற்று என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஆனால் அன்றாட உலகில் அந்தத் துணி கிடந்த இடத்திலேயே கிடப்பதில்லை. அதை யாரோ எடுக்கிறார்கள், துவைக்கிறார்கள், தைக்கிறார்கள், விற்கிறார்கள், வேறொருவர் உடுத்துகிறார். முன்பு உடுத்தியவரின் ஏதேனும் ஒன்று அதில் எஞ்சியிருக்கிறதா, எஞ்சியிருந்தால் அது அழுக்கா அருளா, அதை நீக்கும் வல்லமை எதற்கு உண்டு என்ற கேள்விகளுக்கு இந்தியச் சமயங்கள் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைச் சொல்லியிருக்கின்றன. ஒருவர் உடுத்திய ஆடையை விலை கொடுத்து வாங்கி உடுத்துவது பெருநகரங்களில் வறுமையின் அடையாளமாக இருந்த நிலை மாறி, வசதியுள்ள இளைஞர்களும் விரும்பிச் செய்யும் செயலாகிவரும் இந்நாளில், அவ்விடைகளை மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த விருப்பத்திற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணங்கள் தெரிந்தவையே: விலை குறைவு, இன்று கிடைக்காத நெசவும் வெட்டும், துணித் தொழிலால் நீரும் மண்ணும் கெடுவது குறித்த கவலை. இவை உண்மையானவை என்றாலும், கடையில் நிற்பவரின் கை செய்யும் வேலையை இவை முழுவதும் விளக்குவதில்லை. சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பி வியர்வைக் கறை பார்ப்பதும், அக்குளின் தையலைத் தடவுவதும், யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்ப்பதும் தரச்சோதனைகள்தாம். ஆயினும் அவற்றின் ஊடே முன்பு உடுத்தியவரைத் தேடும் ஓர் ஆர்வமும் ஓடுகிறது. ஒரு தோள் மட்டும் தேய்ந்த சட்டை அந்தத் தோளில் பை மாட்டியவரைக் காட்டும். அவிழ்த்து இறக்கிவிட்ட பாவாடைக் கரை வளர்ந்துவிட்ட ஒரு சிறுமியைக் காட்டும். பழைய பருத்தி வேட்டிகளின் ஓரத்தில், சேராங்கொட்டைச் சாற்றால் வண்ணார் இட்ட குறி, எத்தனை வெளுப்புக்கும் அழியாமல் ஒரு வீட்டின் அடையாளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். பெயர் தெரியாத ஒருவரின் வாழ்வு தன் உடலின்மேல் படிவதை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு அந்தக் கணத்தில் எடுக்கப்படுகிறது. வாங்குபவர் அதைத் தத்துவம் என்று நினைக்கமாட்டார் என்பது வேறு.

தரும சாத்திரங்களின் விடை, முதல் பார்வைக்கு, மறுப்பு. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் (66ஆம் சுலோகம்) பிறர் பயன்படுத்திய செருப்பு, ஆடை, பூணூல், அணிகலன், மாலை, நீர்ப்பாத்திரம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று இருபிறப்பாளனுக்கு விதிக்கிறது. சடங்குகளுக்கு உரியதாகச் சொல்லப்படும் 'அகதம்' என்னும் ஆடை, இதுவரை எவரும் உடுத்தாத, கல்லில் அடித்துத் துவைக்கப்படாத, ஓரத்து நூல்கள் அறுபடாத புதுத்துணியைக் குறிக்கும். உடலிலிருந்து கசிவன எல்லாம் தூய்மைக்கேடு என்னும் பொதுக் கொள்கையின் நீட்சியாக இதைக் கொள்ளலாம். வியர்வை ஏறிய துணி உடலின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

ஆனால் அதே நூலின் பத்தாம் அத்தியாயத்தைச் சேர்த்துப் படிக்கும்போது இது தூய்மையைப் பற்றிய விதியாக மட்டும் இருக்கவில்லை என்பது தெரியவருகிறது. பணி செய்யும் சூத்திரனுக்கு உண்டு மீந்த உணவையும் பழைய ஆடைகளையும் கொடுக்க வேண்டும் என்று 125ஆம் சுலோகமும், சண்டாளர் பிணத்தின் ஆடைகளையே உடுத்த வேண்டும் என்று 52ஆம் சுலோகமும் சொல்கின்றன. மேலே இருப்பவனுக்குத் தடை செய்யப்பட்ட பொருள் கீழே இருப்பவனுக்குக் கட்டாயமாக்கப்படுகிறது. பழைய துணி மனித உடலுக்கு ஆகாதது என்பது கொள்கையாக இருந்திருந்தால் எரிப்பதோ புதைப்பதோ போதும். அதை மற்றொரு மனிதனின் உடலில் ஏற்றவேண்டும் என்று விதித்தபோது, துணி அழுக்கைச் சுமக்கும் பண்டம் என்பதோடு, இன்னார் இன்னாருக்குக் கீழ் என்பதை நாள்தோறும் ஊருக்கு அறிவிக்கும் பலகையாகவும் ஆகிறது. சுடலை காக்கும் அரிச்சந்திரன், தன் மகனின் சவத்தைச் சுமந்து வந்த மனைவியிடம் பிணத்துணியைக் கூலியாகக் கேட்டு நிற்கும் காட்சி தெருக்கூத்திலும் நாடகத்திலும் தலைமுறைதோறும் பார்ப்போரை அழவைத்ததற்கு, ஓர் அரசன் அந்த விதிக்குள் விழுந்ததுதான் காரணம். அதே கூலியை வாழ்நாள் முழுவதும் பெற்றுவந்த வெட்டியானுக்காக எந்த அரங்கும் அழுததாகத் தெரியவில்லை.

உடுத்தியவரின் தன்மை உடையில் ஒட்டிக்கொள்கிறது என்ற எண்ணம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஒருமுறை தொடர்புகொண்ட பொருள்கள் பிரிந்த பிறகும் ஒன்றன்மேல் ஒன்று வினைபுரியும் என்ற நம்பிக்கையை மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர் 'தி கோல்டன் பவ்' நூலில் தொற்று விதி என்று பெயரிட்டு, அதைத் தொல்குடி மந்திரவாதத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களிலிருந்து நடத்திய ஆய்வுகள், அந்த விதி படித்த அமெரிக்கர்களிடமும் அப்படியே இருப்பதைக் காட்டின. தமக்குப் பிடிக்காத ஒருவர் உடுத்திய சட்டை நன்றாகச் சலவை செய்யப்பட்டது என்று தெரிந்திருந்தும் அதை உடுத்தப் பலர் தயங்கினர். ஹிட்லர் அணிந்த ஸ்வெட்டர் என்று சொல்லப்பட்டதைத் தொடவும் கூசினர். சோப்பும் வெந்நீரும் கிருமியை நீக்கும் என்பதை மறுக்காத அறிவு, அவை ஒரு மனிதனை நீக்கிவிடும் என்பதை ஒப்புவதில்லை. இந்தத் தொற்று இரு திசையிலும் செல்லக்கூடியது: வெறுப்புக்குரியவர் தொட்டது தீட்டாகும் என்று நம்பும் மனமே, அன்புக்குரியவர் தொட்டது பேறாகும் என்றும் நம்புகிறது.

தமிழ்ப் பக்தி மரபு இந்த இரண்டாம் திசையைத் தன் வழியாக எடுத்துக்கொண்டது. பெரியாழ்வார் திருப்பல்லாண்டின் ஒன்பதாம் பாசுரத்தில், திருமால் கட்டிக் கழித்த ஆடையை உடுத்துவதையும், அவன் உண்ட கலத்தில் மீந்ததை உண்பதையும், அவன் சூடிய துளசியைச் சூடுவதையும் அடியாருக்குரிய பெருமையாக அறிவிக்கிறார். ஆடை, மாலை, எச்சில் என்று மனு ஒதுக்கிவைத்த பொருள்கள் இங்கே ஒவ்வொன்றாக அருளின் வடிவில் திரும்பி வருகின்றன. கோயில்களில் மரியாதைக்குரியவரின் தலையில் கட்டப்படும் பரிவட்டமும், அம்மனுக்குச் சாத்திய புடவையைக் கோயில் ஏலத்தில் எடுத்து மகளின் திருமணத்திற்கென்று பெட்டியில் வைக்கும் வழக்கமும் இந்த நம்பிக்கையின் நிறுவன வடிவங்கள். புதுப்புடவையைவிடச் சாத்திய புடவைக்கு மதிப்பு மிகுதி என்று கருதும் அந்தத் தாய், தெருவில் பழைய புடவை விற்பவளிடம் அதே துணியை வாங்கமாட்டாள் என்றால், இரண்டு இடத்திலும் அவள் மனத்தில் இயங்குவது ஒரே விதிதான்.

இந்தத் தலைகீழாக்கம் முழுமையானது என்று சொல்லிவிட முடியாது. கடவுளிடமிருந்து அடியாருக்கு இறங்கும் ஆடையும் மேலிருந்து கீழே வருவதுதான். ஏற்பவர் மகிழ்ந்து ஏற்கிறார் என்பதும், கொடுப்பவனுக்கு முன் எல்லா மனிதரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள் என்பதும் வேறுபாடுகள். திசையையே திருப்பியவள் ஆண்டாள். இறைவனுக்கென்று தொடுத்த மாலையை முதலில் தான் சூடி, ஒரு பெண்ணின் கூந்தல் பட்ட பூவை அவன் விரும்பி ஏற்கும்படி செய்தாள் என்கிறது மரபு. மனிதர் பயன்படுத்திய ஒன்று கடவுளுக்கு ஏற்றதாகும் என்ற அந்தத் துணிவை வைணவம் ஒதுக்கிவிடாமல் ஆண்டுவிழாவாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும், புரட்டாசிக் கருடசேவையன்று திருப்பதிப் பெருமாளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் செல்கிறது.

சைவத்தில் இதற்கு இணையாகத் துணியையே நடுவில் வைத்து இரண்டு வரலாறுகளைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடினார். பழையாறையைச் சேர்ந்த வணிகரான அமர்நீதியார் அடியார்க்குக் கோவணமும் உடையும் அளித்துவந்தவர். தண்டில் இரண்டு கோவணங்களுடன் வந்த பிரமசாரி ஒருவர் அவற்றுள் ஒன்றை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்து நீராடப் போகிறார். திரும்பி வரும்போது அது காணாமற்போயிருக்கிறது. புதிய கோவணம் தருகிறேன் என்பதை அவர் ஏற்கவில்லை. தண்டில் எஞ்சிய கோவணத்தைத் தராசின் ஒரு தட்டில் இட்டு, எதிர்த்தட்டில் புதுத்துணிகளையும் பொன்னையும் தம் உடைமை அனைத்தையும் இட்டும் தட்டு நேராகவில்லை. மனைவியும் மகனுமாக அமர்நீதியார் ஏறி அமர்ந்த பிறகே நேரானது. இதை இறைவன் அடியாரைச் சோதித்த கதையாகப் படிப்பதே மரபு. அதனோடு, ஒரு துணிக்கடைக்காரரிடம் துணியின் மதிப்பு என்ன என்று கேட்ட கதையாகவும் இதைப் படிக்கலாம். உடுத்தப்பட்ட துணிக்கு, நெய்த கூலியாலும் நூலின் விலையாலும் அளக்க முடியாத ஓர் எடை ஏறிவிடுகிறது என்பதைத் தராசைக் கொண்டே வணிகருக்கு உணர்த்துவது கதையின் நயம்.

காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் கதையில் துணி கிழிந்து அழுக்கேறிய கந்தை. அடியாரின் ஆடைகளை வெளுத்துத் தரும் வண்ணாரான அவரிடம், குளிர்காலத்தில் மெலிந்த தவசியாக வந்த சிவன், மாலைக்குள் உலர்த்தித் தரவேண்டும் என்ற உறுதியின்பேரில் தம் ஒரே கந்தையைக் கொடுக்கிறார். மழை விடாமல் பெய்கிறது. வாக்குத் தவறியதை எண்ணித் துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போன வண்ணாரை, கல்லிலிருந்து எழுந்த கை தடுக்கிறது. பிறர் உடல் அழுக்கைத் தொடுவதாலேயே தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவரின் துவைகல், இறைவன் வெளிப்படும் இடமாகிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டவேண்டும் என்று பழமொழி சொன்ன சமூகம், கசக்கித் தருபவரைப் பற்றிச் சொன்ன மிக உயர்ந்த சொல் இந்தக் கதையாகத்தான் இருக்கும்.

இந்த விடைகள் அனைத்தும், உடுத்தியவர் துணியில் எஞ்சுகிறார் என்பதை ஒப்புக்கொண்டு, எஞ்சுவது நல்லதா கெட்டதா என்பதிலேயே வேறுபடுகின்றன. பௌத்தம் கேள்வியையே வேறிடத்தில் வைத்தது. குப்பையிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கித் தைத்த சீவரத்தை, அதாவது துறவியின் ஆடையைப் பாலி மொழியில் 'பம்சுகூலம்' என்பர். புழுதிக்குவியலில் கிடந்தது என்பது பொருள். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய 'விசுத்திமக்கம்' என்னும் நூல், துறவி விரும்பி மேற்கொள்ளக்கூடிய பதின்மூன்று கடுநோன்புகளில் முதலாவதாக இதை வைத்து, எடுக்கத்தக்க துணிகளை இருபத்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. சுடுகாட்டுத் துணி, தெருவில் எறிந்தது, பிள்ளைப்பேற்றின் கறை படிந்தது, பிணத்தோடு போய்த் திரும்பியவர் குளித்துவிட்டுப் போட்டது, தீயில் கருகியது, மாடு மென்றது, கறையான் தின்றது, எலி கடித்தது, காற்று அடித்துக்கொண்டு வந்தது, கடல் அலை ஒதுக்கியது என்று செல்லும் அப்பட்டியலில், ஊர் தீட்டென்று அஞ்சும் பொருள்கள் ஏறத்தாழ முழுமையாக வந்துவிடுகின்றன. சண்டாளனுக்குத் தண்டனையாக மனு விதித்த உடையே இங்கு நோன்புகளின் தலைவரிசையில் நிற்கிறது.

இதில் துறவி தேடுவது அழுக்கை அன்று, உரிமையின்மையை. நோன்பைக் கடுமையாக மேற்கொள்பவர் சுடுகாட்டிலிருந்து மட்டுமே எடுப்பார். நடுத்தரத்தார் துறவியர் எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரேனும் விட்டுச்சென்றதையும் எடுப்பார். எளிய நிலையில் இருப்பவர் தம் காலடியில் வைக்கப்பட்டதையும் ஏற்பார். இல்லறத்தார் கொடுக்கும் சீவரத்தைப் பெற்றுக்கொள்ள இசைந்த கணமே நோன்பு முறிகிறது. அளவுகோல் தெளிவானது: துணிக்கும் தனக்கும் இடையில் கொடுப்பவர் என்று ஒருவர் எவ்வளவு குறைவாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு நோன்பு உயர்ந்தது. நன்றிக்கடனும் கொடுத்தவரின் முகமும் இல்லாத துணியைத் திருடனும் விரும்பான், உடுத்துபவரும் அதன்மேல் பற்று வைக்கமாட்டார். துறவியரின் உடைக்கு மகத நாட்டு வயல்வரப்புகளைப் போன்ற தையலை ஆனந்தர் அமைத்தார் என்று துறவியரின் ஒழுக்க விதிநூலான விநய பிடகம் சொல்கிறது. முழுத்துணியைத் துண்டாக்கித் தைத்தால் அதன் சந்தை விலை போய்விடுகிறது.

உடுத்தியவர் எஞ்சுகிறாரா என்ற பழைய கேள்வியை விநயமும் ஓரிடத்தில் நேரே சந்திக்கிறது. சுடுகாட்டில் அண்மையில் கிடத்தப்பட்ட ஓர் உடலிலிருந்து துறவி ஒருவர் துணியை எடுக்க, அந்தத் துணியின்மேல் ஆசை தீராத ஆவி தடுக்கிறது. அவர் கேளாமல் நடக்க, பிணம் எழுந்து விகாரை வாயில் வரை பின்தொடர்ந்து வந்து, கதவு சாத்தப்பட்டதும் அங்கேயே விழுகிறது. உடல் சிதையத் தொடங்கும் முன் அதன்மேலிருந்து துணியை எடுக்கலாகாது என்ற விதி இதனால் ஏற்பட்டது. திகில்கதைபோல் இருந்தாலும் இதன் சட்டநுட்பம் கூர்மையானது: துணியில் எஞ்சக்கூடியது உரிமையாளரின் பற்று, அந்தப் பற்று அற்ற பிறகே துணி உண்மையில் களையப்பட்டதாகும். பற்று அறாத துணியை எடுப்பவர் பொறுக்குபவர் ஆகமாட்டார், பறிப்பவர் ஆவார்.

பிற்காலப் பௌத்தம் இந்தக் கடுமையைத் தாங்கவில்லை. மருத்துவர் சீவகர் விலையுயர்ந்த துணியைக் கொண்டுவந்தபோது இல்லறத்தார் தரும் ஆடைக்குப் புத்தரே இசைவளித்தார் என்பதால் அதைக் குறை என்று சொல்வதற்கும் இல்லை. ஆனால் பொறுக்கிய துணியின் நினைவை விடவும் மனம் வரவில்லை. தாய்லாந்தில் 'பா பா' என்னும் விழாவில் புத்தம்புதிய சீவரத்தை மரக்கிளையில் மாட்டிவைத்து, யாரோ காட்டில் விட்டுப்போன துணியைக் கண்டெடுப்பதுபோல் துறவியர் எடுக்கிறார்கள். இலங்கைச் சிங்கள பௌத்தரின் இறுதிச்சடங்கில் துறவியரிடம் கொடுக்கப்படும் வெள்ளைத்துணிக்கும் பம்சுகூலம் என்றே பெயர். இந்த நடிப்பை எள்ளத் தேவையில்லை. கொடுப்பவர் தம் கொடையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்ற நாகரிகம் அதில் எஞ்சியிருக்கிறது.

பொறுக்கிய துணிக்குப் பௌத்தம் அளித்த பெருமையை அப்படியே இன்றைய கடைக்குக் கொண்டுவந்து வைப்பதற்கு முன், அம்பேத்கரைக் கடந்து செல்லவேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் நடந்த மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது; அதே மாநாட்டையொட்டிப் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், தாழ்த்தப்பட்டவர் என்று காட்டும் உடைமுறையையும் அணிகளையும் விட்டொழிக்கச் சொன்னார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவியபோது அவர் முன்வைத்தது தூய வெள்ளாடையை. பம்சுகூலத்தை யாருக்கும் அவர் பரிந்துரைக்கவில்லை. பரிந்துரைத்திருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். இளவரசனாக இருந்தவன் கந்தை உடுத்துவது துறவு. கந்தையைத் தவிர வேறெதையும் உடுத்த விடப்படாதவன் அதையே தொடர்ந்து உடுத்துவதற்குத் துறவு என்று பெயரில்லை. பழைய துணியின் கவர்ச்சி, புதியதை உடுத்தும் உரிமை கைவந்த பிறகே தெரியக்கூடியது. பழைய உடையை வாங்க மறுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியின் மனத்தைப் பகட்டு என்று சொல்லும் சூழலியலாளர் இந்த வரலாற்றைப் படிக்காதவர்.

காந்திக்கும் தாகூருக்கும் இடையே 1921இல் நடந்த விவாதம் இதன் இன்னொரு முகம். அவ்வாண்டு ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகள் மலையாகக் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. உடுத்த ஒன்றும் இல்லாதவர்க்கு உரிய துணியை எரிக்கத் தமக்கு உரிமை இல்லை என்பது தாகூரின் வாதம். வேலை வேண்டி நிற்பவருக்குக் கழித்துக்கட்டிய துணியைக் கொடுப்பது அவரை அவமதிப்பது என்று அக்டோபர் 13 'யங் இந்தியா' இதழில் காந்தி விடை எழுதினார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, செப்டம்பர் 22 அன்று, மதுரையில் அவர் மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறியிருந்தார். பழையதைக் கொடுத்து ஏழையின் நிர்வாணத்தை மறைப்பதைவிட, தம்மைக் குறைத்துக்கொண்டு அவனருகில் நிற்பது மேல் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். எரிப்பு சரிதானா என்பதில் தாகூரின் பக்கமே சாய்பவர்கூட, கொடை பற்றிய காந்தியின் ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது. தானம் வாங்குபவர் கொடுப்பவரின் தீவினையையும் சேர்த்து வாங்குகிறார் என்ற நம்பிக்கையை வட இந்தியக் கிராமம் ஒன்றில் ஆராய்ந்து குளோரியா ராஹேஜா 1988இல் எழுதிய நூலும் இதையே வேறு முறையில் காட்டுகிறது.

கொடையாகப் பெற்ற பழைய துணிக்குச் சிறு விலை வைக்கும் ஏற்பாடு இந்த இடர்ப்பாட்டுக்கு ஒரு விடையாயிற்று. அதை முன்னெடுத்தவர்களுள் சமயவாதிகளும் இருந்தனர். சால்வேஷன் ஆர்மியை நிறுவிய வில்லியம் பூத் 1890இல் வெளியிட்ட நூலில், வீடுகளிலிருந்து பழம்பொருள்களைத் திரட்டிச் சீர்செய்யும் படையொன்றைத் திட்டமிட்டார். பாஸ்டனில் மெத்தடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் தொடங்கிய குட்வில் அமைப்பு, வசதியுள்ளோரிடம் பழைய துணிகளைப் பெற்று, வேலையற்றோருக்குக் கூலி கொடுத்துத் தைக்கவும் வெளுக்கவும் செய்து, சிறு விலைக்கு விற்றது. இனாமாகக் கொடுத்தால் கை நீட்டவேண்டியவர், சில காசு கொடுத்து வாங்கும்போது பொறுக்கவும் புறக்கணிக்கவும் உரிமை பெறுகிறார். கொடுத்தவர் யார் என்று அறியவேண்டியதில்லை, அவர் தெருவில் எதிர்ப்பட்டால் தலைகுனியவேண்டியதில்லை. துறவி சுடுகாட்டில் தேடிய முகமற்ற துணியை இல்லறத்தாருக்கு ஒரு சிறிய விலைச்சீட்டு தந்துவிடுகிறது. பழைய ஆடைக் கடையில் வாங்குபவர் உணரும் இலேசான விடுதலைக்கு மலிவைவிட இதுவே ஆழமான காரணம் என்று கருத இடமிருக்கிறது. பணம் உறவுகளைக் கெடுக்கும் என்று சொல்லும் அறநூல்கள், கெட்டுப்போன உறவை அது வெட்டியும் விடும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

பழைய துணியை விரும்பி வாங்குவதும் பற்றாக மாறும் என்பது உண்மை. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்து லாகூரில் அடங்கிய சூஃபி அறிஞர் ஹுஜ்வீரி, தம் 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் ஒட்டுப்போட்ட அங்கிக்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, அதைப் பெயருக்காக அணிவோரைக் கண்டிக்கிறார். மலிவாகக் கிடைத்தது என்பதற்காகப் பத்துச் சட்டை வாங்கி அடுக்குபவர் அந்தக் கண்டனத்திலிருந்து தப்பமாட்டார். இதைவிடப் பெரிய சிக்கல் அளவு சார்ந்தது. கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள காந்தமாந்தோ சந்தைக்குச் செல்வநாடுகளிலிருந்து பொதிபொதியாக வந்து இறங்கும் துணிகளில் விற்காத பங்கு சாக்கடைகளையும் கடற்கரையையும் அடைகிறது. கொடுத்தவர் மனத்தில் தானமாகப் புறப்பட்டது போய்ச் சேருமிடத்தில் குப்பையாகிறது. இந்தியாவுக்குள் பழைய கம்பளித் துணிகள் கந்தலாக இறக்குமதியாகவேண்டுமானால் மீண்டும் உடுத்த முடியாதபடி வெட்டிச் சிதைத்த பிறகே வரவேண்டும் என்பது சுங்க விதி. அவை பானிப்பட்டு ஆலைகளில் பிரிக்கப்பட்டு, நூலாகி, மலிவான போர்வைகளாகின்றன. விலை போகாதபடி துணியை வெட்டும் பழைய விநய நுட்பத்தை, உள்நாட்டுத் துணித் தொழிலைக் காக்கும் நோக்கத்தில் அரசு கையாள்வதைப் புத்தகோசர் கண்டிருந்தால் இருபத்து நான்காம் வகையாகச் சேர்த்திருக்கக்கூடும்.

புதுத்துணி தூயது என்ற எதிர்வாதமும் இன்று பழைய வலுவோடு நிற்பதில்லை. அகதம் என்று சாத்திரம் சொன்ன துணி எவர் கையும் படாதது என்பது அன்றும் உண்மையன்று. பறித்தவர், நூற்றவர், நெய்தவர் கைகள் கணக்கில் கொள்ளப்படவில்லை, அவ்வளவே. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதை முன்னிட்டு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, பளபளப்பான உறைக்குள் வரும் சட்டைக்கு முன்பிறவி ஒன்று உண்டு என்பது வெளிப்படையாயிற்று. வழக்கத்தில் தமிழரும் புதுமையை முழுக்க நம்பியவர் அல்லர்: புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவாமல் உடுத்தமாட்டார்கள், பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் ஏந்தாமல், பாட்டியின் பலமுறை துவைத்து மெத்தென்றான வேட்டியிலோ புடவையிலோ சுற்றுவார்கள், தூளியும் தாயின் பழம்புடவைதான். தூய்மை பற்றி மிகக் கவலைப்படவேண்டிய இடத்தில் பழையதைத் தேர்ந்த அந்தப் பெண்கள், வந்த வழி தெரிந்த துணி எதையும் தீட்டென்று எண்ணவில்லை.

வந்த வழியைப் பற்றிப் பேசும்போது அந்த வழியில் நடப்பவர்களும் கணக்கில் வரவேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கும் பெண்கள் தமிழக நகரங்களின் தெருக்களில் கூவிச்சென்ற காலம் முற்றாக மறையவில்லை. டெல்லியில் இத்தொழிலைப் பெரிதும் செய்பவர் குஜராத்திலிருந்து வந்த வாக்ரி சமூகத்தவர். விடியுமுன் ரகுபீர் நகரில் கூடும் சந்தையில், வீடுவீடாகப் பாத்திரத்துக்கு மாற்றாகப் பெற்ற துணிமூட்டைகளை அவிழ்த்து விற்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் பட்டுப்புடவைகளில் சில, கரை பிரித்து, மெத்தை உறையாகவும் மேலங்கியாகவும் மறுவடிவம் பெற்று, ஏற்றுமதிக் கடைகளில் விலையுயர்ந்த பண்டமாகின்றன. இந்த வழி நெடுகத் துணியின் நிலை உயர்ந்துகொண்டே போகிறது. கழித்தது, பழையது, அரியது, கலைப்பொருள் என்று அதன் பெயர்களும் மாறுகின்றன. மூட்டையைச் சுமந்த பெண்ணோ இன்றும் வீட்டு வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்துதான் பேரம் பேசுகிறாள். அவள் பாத்திரத்தை விரல்படாமல் வாங்கும் கைகளும் இருக்கின்றன. சேக்கிழார் காஞ்சியின் துவைகல்லிலிருந்து எழச்செய்த கைக்குப் பிறகும், தலித் மக்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் பல நூற்றாண்டுகள் ஊரின் கண்ணில் படாமல் ஒதுங்கி நடக்கவேண்டியிருந்தது.